இருட்டிலும் பார்க்கும் லென்ஸ்

ஆகஸ்ட் 28, வியாழன்

இன்றைக்கு ஒரு பொம்மையோடு சண்டை போட்டுவிட்டேன். வெளியே சொன்னால் ஊர் சிரிக்கும், அதனால் இங்கே எழுதி வைக்கிறேன்.

கல்யாண மண்டபத்து வாசலில் பட்டுப்புடவை கட்டிக் கைகூப்பி நிற்குமே, வரவேற்புப் பொம்மை, அதனோடுதான். விடியாத நேரத்து முகூர்த்தம். நடையில் ஒரே ஒரு குண்டு பல்பு. மாப்பிள்ளை உள்ளே வருகிறார், நான் முன்னால் நின்று படம் எடுக்கிறேன், ஓரமாக ஒரு அம்மா நகராமல் நிற்கிறாள்.

"மதினி, கொஞ்சம் ஒதுங்குங்க. மாப்பிள்ளைய மறைக்கீக."

அசையவில்லை.

"கும்புட்டது போதும் மதினி, சாமி வரம் குடுத்துட்டுப் போயிருச்சு. நகருங்க."

மாப்பிள்ளையின் கூட்டாளிகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். என் பேச்சுக்குத்தான் சிரிப்பு என்று நினைத்து இன்னும் இரண்டு வசனம் எடுத்துவிட்டேன். கையைப் பிடித்து இழுத்தபோதுதான் சில்லென்று பிளாஸ்டிக் தட்டுப்பட்டது. "மாப்பிள்ளை சிரிக்கட்டும்னுதான் பண்ணேன்" என்று சமாளித்தேன். அவர் சிரித்த படம் அருமையாக வந்திருக்கிறது. ஆக, நஷ்டம் ஒன்றும் இல்லை.

வீடியோ எடுத்துக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் மட்டும் சிரிக்கவில்லை. செண்பகராஜ் என்ற அந்த மனிதர் சிரித்து நான் பார்த்தது எங்கள் கல்யாண ஆல்பத்தில் ஒரு தடவை. அதுவும் தும்மலாக இருக்கலாம்.

ஆகஸ்ட் 30, சனி

படங்களைக் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தோம். ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கும் எனக்கும் பேச்சுவார்த்தை நின்றுபோனதால் கம்ப்யூட்டர் அவர் கையில், கேமரா என் கையில். கோவில்பட்டியில் ஒரு பொம்பளை கேமராவைத் தூக்கினால் முதலில் சிரித்தார்கள். இப்போது பெண் வீட்டார் "கனி அக்கா வந்தாத்தான் பொண்ணு அலங்கார ரூமுக்குள்ள போட்டோ" என்கிறார்கள்.

தாலி கட்டும் படங்கள் வந்தன. இவர் சுட்டியை உருட்டுவதை நிறுத்தினார்.

"நாத்தனார் எங்க, கனி?"

"அந்தா கை இருக்குல்ல."

"கைக்கு மேல ஒரு ஆளு இருக்கணும்."

மூன்று முடிச்சில் முதல் முடிச்சுதான் மாப்பிள்ளையுடையது. மற்ற இரண்டையும் பெண்ணுக்குப் பின்னால் நிற்கும் நாத்தனார்தான் போட வேண்டும். எங்கள் பக்கம் போட்டோ எடுக்கிறவன் எவனைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவான், தாலி கட்டுகிற நேரம் நாத்தனார் முகம் விழவில்லை என்றால் ஆல்பமே விழவில்லை என்று. எத்தனையோ வருடமாக எடுக்கிறேன். ஒரு நாத்தனாரையும் விட்டதில்லை.

எல்லாப் படத்திலும் மாப்பிள்ளை இருக்கிறார், குனிந்த பெண் இருக்கிறாள். வலது ஓரத்தில் ஐந்து விரலும் மஞ்சள் கயிறும். மணிக்கட்டோடு படம் முடிந்துவிடுகிறது. வீடியோவில் பார்க்கலாம் என்றால், அட்சதை போட எல்லோரும் எழுந்துவிட்டார்கள். ஒரு மாமாவின் கட்டம் போட்ட முதுகுதான் அகலமாகத் தெரிகிறது.

"லென்ஸ் குறுகலு. நான் என்ன செய்ய" என்றேன்.

"இதே லென்ஸ்லதான் போன மாசமும் எடுத்த."

காப்பி போடப் போனேன்.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

யோசித்துப் பார்த்தால் தப்பு லென்ஸ் மேல்தான். என்னிடம் இருப்பது ஐம்பது எம்.எம். முகத்துக்கு நல்லது, மேடைக்குப் பத்தாது. தூத்துக்குடி ஜெபராஜ் அண்ணாச்சியிடம் ஒரு இருபத்துநாலு எம்.எம். லென்ஸ் இருக்கிறது. ஜூம் கிடையாது. கிட்டத்தில் வேண்டுமானால் நாம்தான் நடந்து போக வேண்டும். ஆனால் வாய் அகலம். மேடையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை விழுங்கிவிடும். குத்துவிளக்கு வெளிச்சம் போதுமாம் அதற்கு. பிளாஷே வேண்டாம். அண்ணாச்சி அதை விற்கப் போவதாகப் பேச்சு.

அகலமாகவும் பார்க்கும், இருட்டிலும் பார்க்கும். எனக்கு வேண்டியதெல்லாம் அவ்வளவுதான்.

விலையை எழுதவில்லை. எழுதினால் பேனா அழுதுவிடும்.

செப்டம்பர் 2, செவ்வாய்

அந்த நாத்தனார் ஸ்டுடியோவுக்கே வந்துவிட்டாள். பெயர் முத்துச்செல்வி. மாப்பிள்ளைக்கு அக்கா. படங்களைப் பார்க்கத்தான் வந்தாள். ஒவ்வொன்றாகப் பார்த்தாள். முகம் மாறிக்கொண்டே வந்தது.

"ரெண்டு முடிச்சையும் யாரு போட்டா? பேயா?"

நான் வழக்கம் போல ஆரம்பித்தேன். "பேய்க்கு இவ்வளவு அழகா மருதாணி இருக்குமா தாயி? அந்த விரலைப் பாரு, சினிமாக்காரி மாதிரி..."

"சிரிக்காதீக."

நிறுத்திவிட்டேன். நான் பாதிப் பேச்சில் நிறுத்தியது எனக்கே புதுசு.

பிறகு அவளே சொன்னாள். புருஷனோடு இவள் இல்லையாம். திரும்பி வந்து நான்கு வருஷமாம். சித்தி, பெரியம்மா எல்லாரும் கூடி, வாழாதவள் முடிச்சுப் போடக் கூடாது, ஒன்றுவிட்ட தங்கச்சி போடட்டும் என்று முடிவு செய்திருக்கிறார்கள். மேடையில் வைத்தே தம்பி கயிற்றைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டானாம். "எங்க அக்கா போடாத முடிச்சு எனக்கு வேண்டாம். மேளத்தை நிப்பாட்டுங்க" என்று. அதன் பிறகுதான் இவளைக் கூப்பிட்டிருக்கிறார்கள்.

"அந்த ஒரு நிமிசந்தான் எனக்கு, அக்கா. அதத்தான் கேக்க வந்தேன்."

இவ்வளவும் என் பக்கத்தில் நடந்திருக்கிறது. மேளச் சத்தத்தில் பேச்சு எதுவும் காதில் விழவில்லை. யாரோ நகர்ந்தார்கள், யாரோ வந்தார்கள் என்று மட்டும் எனக்கு நினைவு. நான் மாப்பிள்ளை கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"லென்ஸ் குறுகலு தாயி" என்றேன்.

அவள் செருப்பைப் போட்டுக்கொண்டு போனாள். திட்டியிருக்கலாம்.

செப்டம்பர் 3, புதன்

அண்ணாச்சிக்குப் போன் போட்டேன். நாளைக்கு ஒரு வளைகாப்பு இருக்கிறது, லென்ஸை ஒரு நாள் போட்டுப் பார்க்கிறேன் என்றேன்.

"எடுத்துக்க தங்கச்சி. போட்டுட்டா கழட்ட மனசு வராது பாத்துக்க."

பஸ்ஸில் கொடுத்துவிட்டார். சுருக்குப் பை மாதிரி ஒரு பையில், மேலே இரண்டு மக்ரூன் பொட்டலம். மக்ரூனை இவர் தின்றுவிட்டார்.

செப்டம்பர் 4, வியாழன்

வளைகாப்பு. தீப்பெட்டி ஆபீஸ் தெருவில் சின்ன வீடு. நடுவீட்டில் பெண்ணை உட்கார வைத்துவிட்டால் மற்றவர்கள் மூச்சை வெளியே போய்த்தான் விட வேண்டும். கரண்டும் போய்விட்டது. விளக்கை ஏற்றி வைத்து வளையல் போட்டார்கள்.

லென்ஸ் அப்படியே குடித்தது வெளிச்சத்தை. சந்தனம் பூசிய கன்னம், கண்ணாடி வளையல், தாம்பாளத்தில் ஏழு வகைச் சாதம். இவ்வளவும் பிளாஷ் இல்லாமல். எனக்கு அழுகை வந்துவிட்டது. கண் கரிக்கிறது, ஊதுபத்திப் புகை என்றேன். புகையும் இருந்தது.

வாசற்படி இருந்த இடம் தெரியாமல் இறங்கி, ஒரு பாட்டி மடியில் உட்கார்ந்துவிட்டேன். "எனக்கும் ரெண்டு வளையல் போடுங்க பாட்டி" என்றேன். எல்லோருக்கும் சிரிப்பு.

வாங்கத்தான் வேண்டும்.

செப்டம்பர் 5, வெள்ளி

படம் பார்த்தோம். எல்லாரும் விழுந்திருக்கிறார்கள், ஒருத்தர் விடவில்லை. "பாத்தீகளா, லென்ஸ்தான்" என்று நான் எக்காளமிட்டேன்.

இவர் ஒரு படத்தைப் பெரிதாக்கினார். இடது ஓரத்தில் ஒரு அம்மா கையில் காப்பி டம்ளரோடு நிற்கிறாள். கேமராவைப் பார்த்து, அதாவது என்னைப் பார்த்து, நீட்டிக்கொண்டிருக்கிறாள். அடுத்த படம். அதே அம்மா, அதே டம்ளர், இன்னும் கொஞ்சம் கிட்டத்தில். அடுத்தது. டம்ளரை மற்றக் கைக்கு மாற்றியிருக்கிறாள். அதற்கு அடுத்ததில் பக்கத்திலிருப்பவளிடம் ஏதோ சொல்கிறாள், உதட்டைச் சுழித்துக்கொண்டு. கடைசியில் காப்பியை அவளே குடிக்கிறாள்.

"இந்த அம்மா உனக்கு எத்தனை அடி தள்ளி நின்னாக?"

"நான் என்ன டேப் வச்சா அளந்தேன்?"

"கையை நீட்டினா தொட்டுருக்கலாம், கனி."

"வேலை நேரத்துல நான் காப்பி குடிக்கறது இல்ல."

"நீயா?"

இவர் மறுபடியும் ஒவ்வொன்றாக ஓட்டிப் பார்த்தார். வலது ஓரத்தில் ஒரு வாண்டுப் பயல் எனக்கு நாக்கைத் துருத்திக் காட்டியிருக்கிறான். ஒருத்தி என் தோளைத் தொட வந்து கையை மடக்கிக்கொள்கிறாள். எனக்குத் தெரியாமல் லென்ஸ் தனியாக ஒரு வளைகாப்பைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறது.

வாங்க வேண்டும் என்பதற்கு இதைவிட என்ன அத்தாட்சி வேண்டும்? சொன்னேன். இவர் கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு வெளியே போய் நின்றார்.

செப்டம்பர் 6, சனி

வாளியில் இடித்துக்கொண்டேன். வாளிதான் இடம் மாறி இருந்தது.

செப்டம்பர் 7, ஞாயிறு

மத்தியானம் கடையைச் சாத்திவிட்டு என்னை ஸ்டுடியோவுக்குள் கூப்பிட்டார். பாஸ்போர்ட் போட்டோ எடுக்கிற ஸ்டூலில் உட்காரச் சொன்னார்.

"என்ன, இருபத்தஞ்சு வருசம் கழிச்சுப் பொண்ணு பாக்கீகளா? முன்னாடியே நல்லாப் பாத்திருக்கணும், இப்பத் திருப்பி அனுப்ப முடியாது."

"எதிர்ல அந்த ஆணி இருக்குல்ல, அதையே பாரு. நான் பக்கத்துலருந்து வெள்ளத்தாளைக் கொண்டாரேன். தெரியும்போது சொல்லு."

ஆணியைப் பார்த்தேன். இவர் செருப்பு சரக் சரக்கென்று வலப்பக்கமாக வந்தது. சத்தம் தோளுக்கு நேராக வந்ததும் "தெரியுது" என்றேன். மறுபக்கம். "தெரியுது." அவ்வளவுதான், பரீட்சை பாஸ் என்று எழுந்திருக்கப் பார்த்தேன்.

"இன்னொரு தடவை" என்றார்.

இந்தத் தடவை சத்தமே இல்லை. நான் ஆணியைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். மின்விசிறி ஓடியது. தெருவில் கடலைமிட்டாய் வண்டிக்காரன் மணி அடித்துக்கொண்டு போனான். இன்னும் ஆரம்பிக்கவில்லை போலிருக்கிறது என்று காத்திருந்தேன்.

"ஆரம்பிங்க, எனக்குக் கழுத்து வலிக்கி" என்று சொல்லிவிட்டுத் திரும்பினால், தாள் என் காதுக்குப் பக்கத்தில் இருக்கிறது. தாளுக்குப் பின்னால் அவர். செருப்பைக் கழற்றிவிட்டார் அந்த மனிதர்.

செப்டம்பர் 8, திங்கள்

சமையல்: புளிக்குழம்பு, அப்பளம். பேச்சு: இல்லை.

செப்டம்பர் 10, புதன்

மதுரைக்குக் கண் ஆஸ்பத்திரிக்குப் போனோம். நான் போகவில்லை, கூட்டிப் போகப்பட்டேன்.

ஒரு வெள்ளைக் கிண்ணத்துக்குள் முகத்தை வைக்கச் சொன்னார்கள். பெரிய கிண்ணம், கல்யாண வீட்டில் அப்பளம் போடுவார்களே, அந்த அளவு. உள்ளே அங்கங்கே ஒளிப்புள்ளி மின்னுமாம். மின்னும்போது கையிலிருக்கிற பொத்தானை அமுக்க வேண்டும். பொத்தான் அமுக்குவதுதானே நம் தொழில், விடுவேனா? டக் டக் டக்கென்று அமுக்கித் தள்ளினேன்.

அங்கே இருந்த பெண் மெஷினை நிறுத்திவிட்டாள்.

"அம்மா, புள்ளி வராதப்பவும் அமுக்குறீங்க."

"வரப்போகுதுன்னு ஒரு யூகந்தான்."

"யூகம் வேண்டாம்மா. தெரிஞ்சா மட்டும் அமுக்குங்க."

தெரிந்தால் மட்டும் அமுக்கினேன். வெகுநேரம் கை சும்மா இருந்தது. மெஷின் ரிப்பேர் என்று நினைக்கிறேன்.

பிறகு ஒரு தாளில் இரண்டு வட்டம் அச்சடித்துக் கொடுத்தார்கள், கண்ணுக்கு ஒன்று. வட்டம் முழுக்கக் கறுப்பு. நடுவில் மட்டும் சாவி நுழைகிற ஓட்டை அளவு வெள்ளை. சரியாக வெளிச்சம் கொடுக்காமல் எடுத்த படம் மாதிரி இருந்தது. சொன்னேன். டாக்டரம்மா சிரித்தார். இவர் சிரிக்கவில்லை.

டாக்டரம்மா நிறையப் பேசினார். கண்ணுக்குள் தண்ணீர் அழுத்தம் கூடி நரம்பை அரித்துக்கொண்டே வருமாம், வலிக்காதாம். ஓரத்திலிருந்து ஆரம்பித்து நடுவுக்கு வருமாம். "போனது திரும்பி வராதும்மா. இருக்கிறதைக் காப்பாத்தலாம். சொட்டு மருந்தை ஒரு நாள் கூட விடக் கூடாது" என்றார். வீட்டில் வேறு யாருக்காவது இருந்ததா என்று கேட்டார். எங்கள் அம்மா கடைசி வரை சுவரைத் தடவிக்கொண்டுதான் நடப்பாள். அது அவள் பழக்கம் என்று நினைத்திருந்தோம்.

ஆஸ்பத்திரி கேன்டீனில் உளுந்தவடை நன்றாக இருந்தது. சட்னி தண்ணீர்.

செப்டம்பர் 11, வியாழன்

மகளும் பரிசோதித்துக்கொள்ள வேண்டுமாம், டாக்டரம்மா சொல்லியிருக்கிறார். கோயம்புத்தூருக்குப் போன் போட்டேன். வெண்டைக்காய் விலையைப் பேசிவிட்டு வைத்துவிட்டேன்.

செப்டம்பர் 12, வெள்ளி

சொட்டு மருந்து. ஒரு சொட்டு கண்ணில், மூன்று சொட்டு கன்னத்தில். இவர்தான் போட்டுவிடுகிறார். பாஸ்போர்ட் போட்டோவை ஓரம் வெட்டுகிற மாதிரி நாக்கைக் கடித்துக்கொண்டு போடுகிறார்.

செப்டம்பர் 13, சனி

லென்ஸைப் பஸ்ஸில் திருப்பி அனுப்பி ஒரு வாரம் ஆகிறது, அண்ணாச்சி கூப்பிட்டார்.

"என்ன தங்கச்சி, லென்ஸ் உனக்கா இல்லையா? திருநெல்வேலிலருந்து ஒருத்தரு கேக்காரு."

இன்னும் இரண்டு நாள் பொறுங்கள் என்றேன். போனை வைத்துவிட்டு இவரைப் பார்த்தேன். இவர் ஒரு ஆதார் போட்டோவுக்குக் காலர் சரிசெய்துகொண்டிருந்தார்.

"வாங்கலாமா, வேண்டாமா?"

"எதுக்குன்னு சொல்லு. வாங்கிருவோம்."

"இருட்டுல எடுக்க."

"அதில்ல."

"மேடை முழுக்க விழணும்ல."

"அதுவுமில்ல கனி."

"அப்ப நீங்களே சொல்லுங்க, எதுக்குன்னு."

"நான் சொல்லிட்டா அது நான் சொன்னதாப் போயிரும்" என்றார்.

வாய் பேசாத மனிதன் என்று நம்பிக் கழுத்தை நீட்டினேன் பாருங்கள். நாளைக்கு ஒரு முகூர்த்தம். போட்டோவை நீங்கள் எடுங்கள், வீடியோவை நான் எடுக்கிறேன் என்று வீம்புக்குச் சொன்னேன். சரி என்றுவிட்டார்.

செப்டம்பர் 14, ஞாயிறு

கேமராவில் கண்ணை ஒட்டிப் படம் எடுப்பதுதான் என் வழி. கைபேசியை நீட்டிப் பிடித்துக்கொண்டு எடுக்கிற பிள்ளைகளைப் பார்த்து, "என்ன, பந்தியில சாம்பார் கேக்கீகளா?" என்பேன். வீடியோ கேமராவுக்கு அந்த வம்பு கிடையாது. பக்கவாட்டில் சின்னத் திரை மடங்கி வெளியே வரும், அதைப் பார்த்துத்தான் எடுக்க வேண்டும். வேறு வழியில்லாமல் நானும் கையை நீட்டிச் சாம்பார் கேட்டேன்.

மேடை முழுக்க வந்து உட்கார்ந்திருந்தது. ஐயர், ஹோமம், பெண், மாப்பிள்ளை, பெண்ணுக்குப் பின்னால் நாத்தனார், நாத்தனார் மூக்குத்தி, அதற்கும் பின்னால் கொட்டாவி விடுகிற ஒரு பெரியவர். உள்ளங்கைக்குள் எல்லோரும். திரையை முகத்துக்குக் கிட்டே கொண்டுவந்து பார்த்தேன். நாத்தனாரைக் காணோம். தள்ளிப் பிடித்தேன். வந்துவிட்டாள். கிட்டே. போய்விட்டாள். தள்ளி. வந்துவிட்டாள்.

அந்தத் தாளில் இருந்த சாவி ஓட்டை ஞாபகம் வந்தது. ஓட்டை சின்னது என்றால் படத்தைச் சின்னதாக்கித் தள்ளி வைத்துக்கொள்ள வேண்டியதுதான் போலிருக்கிறது.

தாலி கட்டுகிற நேரத்தில் நான் இப்படி முன்னும் பின்னும் இழுத்துக்கொண்டிருந்ததால் வீடியோ ஊஞ்சல் மாதிரி ஆடுகிறது. இவர் பார்த்துவிட்டு ஒரு வார்த்தை சொல்லவில்லை. இவர் எடுத்த படங்களில் ஒருவர் முகத்திலும் சிரிப்பில்லை, எல்லோரும் ரேஷன் கடை வரிசை மாதிரி நிற்கிறார்கள். நானும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

செப்டம்பர் 16, செவ்வாய்

நாளைக்குப் புரட்டாசி. இனி ஒரு மாதம் கல்யாணம் கிடையாது. அதற்குள் ஒன்றை முடிக்க வேண்டும் என்று தோன்றியது. முத்துச்செல்வி வீட்டுக்குப் போகலாம் என்றேன். இவர் ஏன் என்று கேட்காமல் வண்டியை எடுத்தார்.

முத்துச்செல்வி தையல் மெஷினில் உட்கார்ந்திருந்தாள். வாங்க என்றாள், எழுந்திருக்கவில்லை. நான் என்ன சொல்ல வேண்டும் என்று வழி நெடுக யோசித்து வைத்திருந்ததெல்லாம் போய்விட்டது. வேடிக்கையாக ஆரம்பிக்கலாம் என்றால் வேடிக்கையும் வரவில்லை.

"தாயி, அன்னைக்கு லென்ஸ் மேல பழியப் போட்டேன். அது லென்ஸ் இல்ல."

அவள் மெஷினை நிறுத்தினாள்.

"எனக்கு ஓரம் தெரியல. கண்ணு ரெண்டும் ஓரத்துலருந்து போயிருச்சாம். நீ மேடையில என் பக்கத்துலதான் நின்ன. உன் தம்பி சண்டை போட்டது, உன்னக் கூப்பிட்டது, ஒண்ணும் எனக்குத் தெரியல. உன்ன வேணும்னு விடல. நீ நின்னதே தெரியல எனக்கு."

வாசலில் இவர் நின்றுகொண்டிருந்தார். அவர் நிற்பது எனக்குத் தெரியாது. மூச்சுவிட்ட சத்தத்தில் தெரிந்தது.

முத்துச்செல்வி எழுந்தாள். உள்ளே போய்த் தண்ணீர் கொண்டுவந்தாள். சொம்பை என் கண்ணுக்கு நேராக, நடுவாக நீட்டினாள். இவ்வளவு சீக்கிரம் புரிந்துகொண்டாளே என்று இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன்.

"மேடையில போய் உங்க ரெண்டு பேரையும் நிக்க வச்சு மறுபடியும் எடுத்துத் தாரேன். முடிச்சுப் போடுற மாதிரி" என்றேன்.

"போடுற மாதிரியெல்லாம் வேண்டாம் அக்கா. ஒரு தடவைதான் போட்டேன்." கொஞ்சம் யோசித்தாள். "அந்தக் கை இருக்குல்ல? அதையே பெருசாப் போட்டுக் குடுங்க."

"முகம் இல்லையே தாயி."

"முகம் இருந்தா, சரி இவதான்னு பாத்துட்டுப் பக்கத்தத் திருப்பிருவாக. கை மட்டும் இருந்தா யாரு கைன்னு கேப்பாகள்ல? வாரவுக எல்லாரும் கேக்கட்டும். கேக்குறப்ப எல்லாம் என் தம்பி வாயால 'எங்க அக்கா கை'ன்னு சொல்லட்டும். சித்தி வந்தாலும் கேக்கட்டும்."

என்னைவிடப் பெரிய குசும்புக்காரி.

திரும்பி வரும்போது பஜாரில் வண்டியை நிறுத்தினார். கடலைமிட்டாய் வாங்கத்தான் என்று நினைத்தேன்.

"ஜெபராஜ் அண்ணாச்சிக்குப் போன் போடு" என்றார்.

"எதுக்குன்னு நான் இன்னும் சொல்லலையே."

"சொல்லிட்ட."

அங்கேயே, சைக்கிள் மணிக்கும் பஸ் ஹாரனுக்கும் நடுவே போன் போட்டேன். அகலமாக எடுத்துக்கொண்டு வா, வேண்டியதை நான் கம்ப்யூட்டரில் வெட்டிக்கொள்கிறேன் என்றார் இவர். பின் பக்கத்துத் திரையைப் பார்த்து எடு, கையை நீட்டிப் பிடி என்றார். சாம்பார் கேட்கச் சொல்கிறார். கேட்கிறேன்.

எத்தனை நாளைக்கு என்று நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

செப்டம்பர் 17, புதன்

புரட்டாசி ஒன்று. மகளுக்குப் போன் போட்டேன். வெண்டைக்காயில் ஆரம்பித்தேன். ஆனால் அங்கேயே நிற்கவில்லை. அவள் அழுதாள். "நீ அழாத, உங்க அப்பா மருந்து ஊத்துற அழகுக்கு நான்தான் அழணும்" என்றேன். சனிக்கிழமை போய்ப் பார்ப்பதாகச் சொன்னாள்.

செப்டம்பர் 20, சனி

மகளுக்கு ஒன்றும் இல்லை. வருஷத்துக்கு ஒரு தடவை பார்த்துக்கொள்ள வேண்டுமாம். புரட்டாசி முதல் சனி, சாமிக்குத் தளிகை போட்டேன். வடை கொஞ்சம் உப்பு.

செப்டம்பர் 25, வியாழன்

லென்ஸ் வந்துவிட்டது. இப்போது எங்களுடையது. அண்ணாச்சி இந்தத் தடவையும் மக்ரூன் வைத்திருந்தார். இந்தத் தடவை நான் தின்றேன்.

முத்துச்செல்வியின் கை கதவு அகலத்துக்குப் பிரிண்ட் ஆகிவிட்டது. ஐந்து விரல், மஞ்சள் கயிறு, குனிந்த கழுத்தில் ஒரு முடி. நான் எடுத்ததிலேயே நல்ல படம் அதுதான். எடுத்தது எனக்குத் தெரியாது என்பதை இவரிடம் சொல்லவில்லை. அவருக்குத் தெரியும்.

அக்டோபர் 24, வெள்ளி

ஐப்பசியின் முதல் முகூர்த்தம், அதே மண்டபம். புது லென்ஸுக்கு முதல் கல்யாணம். இவர் என் இடப்பக்கம் நின்றார். நாத்தனார் வந்தால் தோளில் ஒரு தட்டு, பெரியவர்கள் வந்தால் இரண்டு தட்டு என்று பேசி வைத்திருந்தோம். நாத்தனார் விழுந்துவிட்டாள், முகத்தோடு, மூக்குத்தியோடு. சித்தி, பெரியம்மா, அட்சதை எல்லாம் விழுந்தது. திரையைத் தள்ளிப் பிடித்ததில் கை மட்டும் மரத்துப்போனது.

உள்ளே நுழையும்போது வாசல் நடையில் பழைய குண்டு பல்புதான் எரிந்தது. பொம்மை கைகூப்பி நின்றது. இந்தத் தடவை நான் ஏமாறவில்லை, சண்டை போடவும் இல்லை. லென்ஸ் மூடியை வைக்க ஒரு இடம் வேண்டியிருந்தது. அதன் கூப்பிய கைக்குள் செருகிவிட்டுப் போனேன்.

அது பொம்மை இல்லை, மாப்பிள்ளையின் பெரியம்மாவாம். மூடியைப் பந்தி முடியும் வரை வைத்திருந்து கொடுத்தார்.